மன்னிப்புக் கடிதம் எழுதக் கற்றுத் தந்தவருக்கு

வாத்தியாரே,

போன மாதம் உங்கள் மகன் வேலூரிலிருந்து ஆம்பூருக்கு வந்து, உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது என்று சொல்லி ஒரு நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "அப்பா உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாரு," என்றார். பிரிக்கும் முன்பே வாடை அடித்தது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் அட்டை. எங்கள் தோல் பதனிடும் ஷெட்டில் நானே ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்களுக்குப் பைண்டு பண்ணிக் கொடுத்தது. அன்றைக்கு உங்கள் மேல் அவ்வளவு மரியாதை வைத்திருந்தேன்.

உங்கள் மாதிரிக் கடிதங்களெல்லாம் அதில் இருந்தன. முத்து முத்தான எழுத்து, அதைக் குறை சொல்ல மாட்டேன். புரட்டிக்கொண்டே போனவன் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். 'வெளிநாட்டுக் கம்பெனிக்கு மன்னிப்புக் கடிதம்' என்று தலைப்புப் போட்டு, நான் எழுதி நீங்கள் திருத்திய அந்தக் கடிதத்தையே, பெயரையும் தேதியையும் மட்டும் எடுத்துவிட்டு, மாதிரியாக வைத்திருந்தீர்கள். பக்கத்தின் ஓரம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப் போயிருந்தது. அதற்கப்புறமும் அதை எத்தனை பேருக்கு நடத்தினீர்களோ! செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டப் போகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. நீங்கள் என்னைவிட மூன்று வயது இளையவர். வேலூர் கோர்ட்டு வாசலில் மரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்தவர், தோல் வியாபாரத்துக்கு இங்கிலீஷ் தேவைப்படுகிறது என்று மோப்பம் பிடித்து ஆம்பூருக்கு வந்தீர்கள். வெள்ளிக்கிழமை ஷெட்டுகளுக்கு லீவு. ஜும்மா தொழுகைக்கு முன்னால், ஒரு கிடங்கின் மாடியில், மீசை நரைக்கத் தொடங்கிய ஷெட்டுக் கணக்கும் கடிதமும் எழுதும் ரைட்டர்கள் பதினோரு பேர் பாயில் உட்கார்ந்து உங்களிடம் படித்தோம். எங்களுக்குத் தமிழ் எழுத வரும், முதலாளிமாருக்கு உருது வரும், லண்டனுக்கு இரண்டும் புரியாது. மதராஸ் ஏஜெண்டிடம் போய்ப் பல்லைக் காட்டி எழுதி வாங்கிக்கொண்டிருந்தோம். அந்தக் கஷ்டம் உங்களால் தீரும் என்று நம்பினோம்.

நீங்கள் கற்றுத் தந்தது மனு. கலெக்டருக்கு எழுதுவதைப் போலவே தோல் தரகருக்கும் எழுதச் சொன்னீர்கள். "பெரிய எடத்துக்கு எழுதறப்போ மொதல்ல பழிய நம்ம தலைமேல போட்டுக்கணும்யா. அப்பதான் தொரை மனசு எளகும்," என்பீர்கள். நான் ஒருமுறை கேட்டேன்: "சார், நம்ம மேல தப்பே இல்லன்னா?" மற்றவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துவிட்டு, "தப்பு இல்லன்னு சொல்றவன் மனு எதுக்கு எழுதறான்?" என்றீர்கள். பெரிய ஹாஸ்யம் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஏழுமலையை உங்களுக்கு நினைவிருக்காது. எங்கள் ஷெட்டில் தரம் பிரிப்பவர். பதனிட்ட தோலை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, மடித்துப் பார்த்து, முகர்ந்து, எது முதல் தரம், எது இரண்டாம் தரம் என்று சொல்வார். துளி ஈரம் இருந்தாலும் கட்டுக்குள் போக விடமாட்டார். முதலாளியே அவசரப்படுத்தினாலும், "காயட்டும், இன்னா அவசரம்?" என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். கூலிக்காரரின் மகனாகப் பிறந்து, முதலாளி எதிரில் துண்டைத் தோளிலிருந்து எடுக்காமல் நிற்கும் இடத்துக்கு வந்திருந்தார்.

யுத்தத்துக்கு முந்தின மழைக்காலத்தில் போன சரக்கில் சில கட்டுகள் பூசணம் பிடித்து லண்டன் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்த தரகர் ஒரு கடிதம் எழுதினார். அதை இன்றைக்குப் படித்தால் எனக்குத் தெளிவாகப் புரிகிறது. அவர் குற்றம் சாட்டவே இல்லை. கட்டும்போது தோல் எப்படி இருந்தது, தயவுசெய்து தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார். அவ்வளவுதான். கட்டும்போது காய்ந்திருந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் கப்பலில் கெட்டது என்று ஆகியிருக்கும், நஷ்டத்தை இன்சூரன்ஸ்காரன் கொடுத்திருப்பான்.

நான் உங்கள் மாணவன் அல்லவா? எங்கள் கவனக்குறைவைப் பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். வெள்ளிக்கிழமை உங்களிடம் கொண்டுவந்து காட்டினேன். சிவப்பு மையை எடுத்தீர்கள். "கவனக்குறைவுன்னா யாருது? ஒரு ஆளக் காட்டணும். இல்லன்னா நம்ப மாட்டாங்க," என்று சொல்லி, 'எங்கள் தரம் பிரிப்பவரின் அஜாக்கிரதையால்' என்று நடுவில் சேர்த்தீர்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இது சும்மா ஒரு மரியாதைக்குய்யா. இத யாரு நெசமா எடுத்துக்கப் போறா?" என்றீர்கள்.

லண்டன் நிஜமாகவே எடுத்துக்கொண்டது. 'உங்கள் ஆளின் அஜாக்கிரதை என்று நீங்களே ஒப்புக்கொண்டபடியால் நஷ்டம் உங்களுடையதே' என்று பதில் வந்தது. இன்சூரன்ஸ் கையை விரித்துவிட்டது. முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. மதராஸ் ஏஜெண்ட் படித்துச் சொன்னதைக் கேட்டு, மறுநாள் ஷெட்டு வாசலிலேயே ஏழுமலையை நிறுத்தினார். "சீமைலேர்ந்து உன் தப்ப எழுதி அனுப்பிருக்கான். இனிமே இங்க வராதே."

நான் உண்மையைச் சொன்னேன் வாத்தியாரே. முதலாளி காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "வாத்தியார் பாத்துக் குடுத்த லெட்டர். அது எப்படி தப்பாவும்? நீ பேஜார் பண்ணாத போ," என்றார். அதனால்தான் அன்றைக்கே ரயிலேறி வேலூரில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். அந்த வரி நீங்கள் மரியாதைக்காகச் சேர்த்தது, ஏழுமலை மேல் தப்பு இல்லை என்று முதலாளியிடம் வந்து சொல்லுங்கள் என்றேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். மோர் ஊற்றிக்கொண்டே சொன்னீர்கள்: "ஒரு ஷெட்டுக் கூலிக்காக என் இங்கிலீஷ் தப்புன்னு நானே சொல்லணுமா? நாளைக்கு எவன்யா எங்கிட்ட படிக்க வருவான்?" எனக்கும் ஒரு இலை போடச் சொன்னீர்கள். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். அதற்குப் பிறகு உங்கள் முகத்தில் விழிக்கவில்லை.

லண்டனே குற்றம் சொன்ன ஆளை வேறு யார் சேர்ப்பார்கள்? வாணியம்பாடி வரைக்கும் கேட்டுப் பார்த்தார். கடைசியில் ஆலங்காயம் போய், காட்டுப் பக்கம் ஆவாரம் பட்டை உரித்து ஷெட்டுகளுக்கு அனுப்பும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். தோலைத் தடவிப் பார்த்துத் தரம் சொன்ன கை, இருபது வருஷத்துக்கு மேலாகப் பட்டை உரிக்கிறது. அவர் போன அன்று நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. நான் எழுதிய கடிதம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. இதில் என்னையும் திட்டிக்கொள்கிறேன், கவலைப்படாதீர்கள்.

இப்போது என்னிடமும் நாலைந்து ரைட்டர்கள் வெள்ளிக்கிழமை படிக்க வருகிறார்கள். வந்த கடிதத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று முதலில் தமிழில் சொல்லச் சொல்வேன். பிறகு, நடந்தது என்ன என்று ஷெட்டுக்குப் போய்ச் சம்பந்தப்பட்ட ஆளிடம் கேட்டுவிட்டு வரச் சொல்வேன். அதற்கப்புறம்தான் பேனா. "வேலூர் சார்கிட்ட படிச்சவங்க இன்னும் நல்லா வளைச்சு எழுதறாங்களே," என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். வளையட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் நோட்டைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை, ஆலங்காயம் போனேன். ஏழுமலைக்குப் பார்வை மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா ரைட்டரே, இவ்ளோ தூரம்?" என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தை வரிக்கு வரி தமிழில் சொன்னேன். நான் எழுதியது எது, நீங்கள் சேர்த்தது எது என்று பிரித்துச் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்போ அந்தத் தொரை என் தோலப் பாத்து சொல்லலியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. நாங்க எழுதினதத்தான் அவன் திருப்பி எழுதினான்."

"எந்தக் கட்டுல கோட்ட விட்டேன், எந்தக் கட்டுல கோட்ட விட்டேன்னு இத்தினி வருசமா யோசிச்சினே இருந்தேன்பா. ஒண்ணொண்ணா நெனச்சுப் பாப்பேன். எல்லாம் நல்லாத்தான் பாத்திருப்பேன். ஆனா சீமைல இருக்கறவன் சொல்லிட்டானே, நம்மளுக்குத்தான் தெரில போலன்னு இருந்துட்டேன்."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்க எனக்கு எத்தனையோ விதம் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். செய்த தப்புக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

அவர்தான் கேட்டார். "மொதலாளி இருக்காரா?"

"மௌத்தாயிட்டார்ணே."

"வாத்தியாரு?"

"அவரும் போய்ட்டார்."

"அப்போ நான் தப்புப் பண்ணலன்னு இனிமே யார்கிட்டப்பா சொல்றது?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் கேட்டது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அதனால் உங்களிடம் சொல்கிறேன் வாத்தியாரே. ஏழுமலை அந்தத் தோல்களை நன்றாகத்தான் பார்த்தார். கட்டும்போது எல்லாம் காய்ந்திருந்தது.