அம்புக்குறி ஒட்டிய கேசட்

பீரோவின் அடித்தட்டில், பழைய சேலைகளுக்குக் கீழே, இன்று காலை அந்தக் கேசட் கிடைத்தது. உறையின் மேல் ஓரம் சுருண்ட சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் ஓட்டையோ கறையோ தெரிந்தால் ஒட்டுவோமே, அதேதான். நீ பல்லைக் கடித்துக்கொண்டு அதை ஒட்டியது ஞாபகம் வந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது.

அடுத்தடுத்த டேபிளில் நின்றவர்கள் நாம். கல்லூரிக்காரர்கள் நடத்திய சின்ன வானொலிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை இழுத்துக்கொண்டு போனவள் நீதான். டெய்லர், சாயப்பட்டறை ஆள், டீ விற்கிறவர் என்று நம்மைச் சுற்றி இருப்பவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் நிகழ்ச்சி. நீ ரெக்கார்டரைப் பிடித்துக் கேட்பாய். நான் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவளிடம் இந்த ஊர்க்காரர்கள் எப்படித்தான் மனதைத் திறந்தார்களோ. நீ கேள்விகூட அதிகம் கேட்க மாட்டாய். "ம்" என்பாய். அதற்கே அரை மணி நேரம் பேசுவார்கள்.

எனக்கோ அந்த "ம்" எல்லாம் டேமேஜ். இருமல், திணறல், உன் குரல், எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். சுத்தமான பீஸை மட்டும் பாஸ் செய்து பழகிய கை. வெட்டி ஒட்டியதை சிடியில் ஏற்றி வைப்பேன்; ஒலிபரப்பு முடிந்ததும் கேசட்டை அழித்து அடுத்த ஆளுக்கு வைத்துக்கொள்வோம்.

நம் தெருக்கோடியில் தறி ஓட்டிய சோமனூர்க்காரரின் கதையையும் அப்படித்தான் சுத்தம் செய்தேன். மனைவி இறந்த நாளைச் சொல்ல வந்தவர் பேச்சு வராமல் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டார். நான் அந்த இடைவெளியை எடுத்துவிட்டு முன்னையும் பின்னையும் சேர்த்தேன். ஒட்டுப்போட்டதே தெரியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவரே நம்மைத் தேடி வந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"ஏனுங்க, அந்த எடத்துல நான் பேச முடியாம உக்காந்திருந்தனுங்களே, அது எங்கீங்க? அம்மா செத்தத, பஸ்ஸு போயிருச்சுங்கற மாதிரி சொல்லிப்போட்டீங்களேன்னு என்ற பையன் கேக்கறானுங்க. அப்பருந்து எங்கூடப் பேசறதில்லீங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் வாசல் தாண்டும்வரை பொறுத்திருந்து நீ என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"ஏட்டி, பனியனப் பாக்குத கண்ணால மனுசனப் பாப்பியா? அவரு வாயடச்சு உக்காந்தது உனக்கு டேமேஜா?"

நல்லவேளை, அந்தக் கேசட்டை இன்னும் அழித்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு அந்தக் கேசட்டையே வெட்டாமல் முழுதாகப் போட்டோம். அந்த இடம் வந்தபோது தூரத்துத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. மிஷின் நின்றுவிட்டதோ என்று வானொலிப் பொறுப்பாளர் பதறி ஓடிவந்தார். அப்புறம் உன் குரல்: "ம். இருக்கட்டும் அண்ணாச்சி, மெதுவாச் சொல்லுங்க."

அந்த வாரமே அப்பாவும் மகனும் ஒரே வண்டியில் வந்து நமக்கு ஒரு சீப்புப் பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குத்தான் நீ அம்புக்குறியை ஒட்டினாய். "இத மட்டும் அழிச்சே, உன்ன உண்டு இல்லன்னு ஆக்கிருவேன்."

போன வாரம் உன் மகள் வந்து, "அம்மா குரல் ஏதாச்சும் இருக்கா சித்தி?" என்று கேட்டாள். என்னிடமிருந்த சிடி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ஊரே பேசுகிறது, நீ மட்டும் இல்லை. தறிக்காரருக்கு அப்புறம் மற்றவர்களின் இடைவெளியை விட்டுவைத்தேனே தவிர, உன் குரலை எடுப்பதை விடவில்லை. அத்தனை சுத்தமாக வேலை பார்த்திருக்கிறேன், பாவி. அதற்கப்புறம்தான் வீடு முழுக்கக் குடைந்தேன்.

சாயங்காலம் அவளை வரச்சொல்லி, பக்கத்து வீட்டுப் பழைய டேப்பில் கேசட்டைப் போட்டேன். உன் ஒரு வரியை அவள் திருப்பித் திருப்பிக் கேட்டாள். பிறகு தன் போனை என் முன்னால் வைத்து, "அம்மாவப் பத்தி நீங்க சொல்லுங்க சித்தி, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்" என்றாள்.

நம் டேபிள், உன் வாய், உன் கோபம் எல்லாம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததைச் சொல்ல வந்தபோது குரல் எழும்பவில்லை. என் கை தானாகப் போனை அணைக்கப் போனது.

அவள் போனைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, உன்னைப் போலவே, "ம்" என்றாள்.

நான் கையை எடுத்துக்கொண்டேன்.