பரீதா சொல்லாத பதில்

18.02.1979, ஞாயிறு
இத்தாவில், புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாளில், எண்பத்தேழாம் நாள். சூறாவளி இரவில் தென்னை விழுந்து அவர் மௌத்தானதிலிருந்து இந்த அறையும் வெள்ளைச் சீலையும்தான். அடுத்த வளவு நஸீறா ஞாயிறு பத்திரிகை கொண்டு வந்தாள். தொடர்கதையைத்தான் முதலில் பிரித்தேன். அதில் வரும் பரீதாவின் புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது, அவளும் இத்தாவில் இருக்கிறாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு இப்போது அவள்தான் கூட்டாளி.

25.02.1979
என் அண்ணன், காக்கா வந்தார். இத்தாவில் இருப்பவளிடம் வெளிப்படையாகக் கல்யாணம் பேசக்கூடாது. ஆகவே அரிசி ஆலைச் சரீபின் நல்ல குணத்தை ஒரு மணித்தியாலம் சொன்னார். மனைவி இல்லாத மனிசனாம், சிகரெட்டும் இல்லையாம். எழும்பும்போது, "இத்தா முடியட்டும் தங்கச்சி, கதைப்பம்" என்றார்.

என்ன கதைப்பது? எனக்கே தெரியாது.

04.03.1979
ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம். ஏப்ரல் பத்து. போன வருஷம் விண்ணப்பத்தை நிரப்பியது என் புருஷன். "நான் கெதியா எழுதுவன், நீ கையெழுத்த மட்டும் போடு" என்று பறித்துக்கொண்டார். கிடைத்தால் தூர ஊராம், தனிப் பொம்பிளை எப்படிப் போவது என்று காக்கா சொல்லியனுப்பியிருக்கிறார்.

இந்த வாரம் பரீதாவுக்கும் தையல் டீச்சர் வேலைக்குக் கடிதம் வந்திருக்கிறது, அவளுடைய மாமாவும் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். எழுதுகிறவர் என் ஜன்னலால் எட்டிப் பார்க்கிறாரா?

18.03.1979
அடுத்த வாரம் தொடர்கதை முடிவு. பரீதா மாமாவிடம் என்ன சொல்கிறாளோ, அதையே நான் காக்காவிடம் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். பைத்தியக்காரத்தனம். வேறு யாரிடம் கேட்பது?

25.03.1979
கனவாம். எல்லாம் கனவாம்! "எழும்பு, தேத்தண்ணி ஊத்து" என்று புருஷன் தோளில் தட்டினானாம், அவள் முழித்தாளாம். மாமாவும் இல்லை, கடிதமும் இல்லை. பதினாலு கிழமை என்னையும் அழ வச்சுப்போட்டு — அவளுக்கென்ன, எழும்பிட்டாள். என்னை ஆர் தட்டுற?

நல்ல முடிவு என்றாள் நஸீறா. "ஆள் மௌத்தாகல்லதானே மச்சி."

"ஒனக்கு என்ன விளங்கும்" என்று பாய்ந்துவிட்டேன். எழும்பிப் போனாள். போன பிறகுதான் உறைத்தது. மௌத்தான என் புருஷன் அவளுக்கு உடன்பிறந்த காக்கா.

27.03.1979
நஸீறா வரவில்லை.

01.04.1979
இத்தா நேற்றோடு முடிந்தது. குளித்து, பச்சைச் சீலை உடுத்து, முதலில் நஸீறா வீட்டுக்குத்தான் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள், நானும் பக்கத்தில் குந்திக் கழுவினேன்.

பின்னேரம் காக்கா. இப்போது சரீபின் பெயரைச் சொல்லியே கேட்டார். நான் வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னேன்.

"தனிய எப்படி இரிப்பாய்?"

"இப்பவும் தனியத்தானே காக்கா இரிக்கன். என்ன வந்து எழுப்ப ஆள் வேணா. நான் முழிச்சித்தான் இரிக்கன்."

தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார். அதன் பிறகு வெகுநேரம் அழுதேன்.

10.04.1979
நேர்முகத்தில் மூன்று பேர். வாசிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார் நடுவில் இருந்தவர். தொடர்கதையைச் சொன்னேன். அவர் பாதியில் விட்டுவிட்டாராம், எப்படி முடிந்தது என்று கேட்டார்.

"பரீதா வேலைக்குப் போனாள்" என்றேன்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். இதைக் கேட்க என் புருஷன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.