இருபது நிமிடத்தில் எழுதிய முடிவு

மார்ச் 3, செவ்வாய்

கொள்ளையைப் பற்றிய டிவி தொடரின் கடைசிப் பகுதியை எழுதி முடித்தேன். நான்கு மாதம். வங்கியில் காவலராக இருக்கும் தங்கை எல்லார் முன்னாலும் நின்று, "கதவைத் திறந்துவிட்டது எங்க அண்ணன் இல்ல, நான்தான்" என்கிறாள். அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நாள். இயக்குநர் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். அழுகையா ஜலதோஷமா, தெரியவில்லை.

மார்ச் 4

கதை முன்கூட்டியே வெளியே போய்விடாமல் இருக்க, இரண்டு முடிவு படம்பிடிப்பது எங்கள் வழக்கம். எது நிஜம் என்று நடிகர்களுக்கே தெரியாது. டம்மி முடிவையும் நானே எழுதிக் கொடுத்தேன். கொள்ளைக் கூட்டத் தலைவன் தூங்கி எழுகிறான், நடந்ததெல்லாம் கனவு. இருபது நிமிட வேலை. எழுதும்போதே சிரிப்பு வந்தது.

மார்ச் 20, வெள்ளி

அண்ணனுக்குப் போன் செய்து, அடுத்த வெள்ளி மாலை ஏழு மணிக்குக் கட்டாயம் தொடரைப் பார் என்றேன். அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டான். பாரேன் என்றேன்.

நாங்கள் இருவரும் வேலை பார்த்த மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியது நான். மேற்பார்வையாளன் என்பதால் பழி அவன் தலையில் விழுந்தது, வேலையும் போனது. பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. ஏழு வருஷம் ஆகிறது. அவன் வண்டி ஓட்டுகிறான், நான் எழுத்தாளர். நேரில் சொல்ல நா எழவில்லை என்று ஒரு நடிகையை விட்டுச் சொல்ல வைக்கிறேன். வெட்கம் கெட்டவள்.

மார்ச் 27

கனவைப் போட்டுவிட்டார்கள்.

மார்ச் 28

தங்கை ஜெயிலுக்குப் போனால் கதை அதோடு முடிந்துவிடுமாம். கனவு என்றால் அடுத்த சீசன் எடுக்கலாமாம். சேனலில் முடிவெடுத்துப் பத்து நாள் ஆகிறது. இயக்குநருக்கும் தெரியும். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா" என்கிறார். அந்தக் குப்பைக்குப் பெரிய எழுத்தில் என் பெயர். பார்த்தவர்கள் காறித் துப்புகிறார்கள். துப்பட்டும்.

அண்ணன் கூப்பிட்டான். நிதானமாகத்தான் பேசினான். "யாரும் ஒண்ணும் பண்ணல, எல்லாம் கனவு. இதைப் பாக்கத்தான் சொன்னியா?" வைத்துவிட்டான்.

அது நான் எழுதினதில்லண்ணா — இல்லை, நான் எழுதினதுதான். ஐயோ, என்னத்தைச் சொல்லித் தொலைக்கிறது?

ஏப்ரல் 2

அடுத்த சீசனும் நானே எழுத வேண்டுமாம். அந்தக் கனவு பிரமாதமான யோசனையாம். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். உட்கார்ந்திருந்தால் வேறு பேச்சுக்குப் போயிருப்பேன்.

"சீட்டை மாத்தி ஒட்டினது நான்தாண்ணா."

அண்ணன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "அன்னிக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

அண்ணி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் அவனைப் பொறுப்பில்லாதவன் என்று என் காதுபடவே ஏசியிருக்கிறாள். அவன் ஒருநாளும் மறுத்ததில்லை. நானும்தான்.

"எனக்குத் தெரியாதே" என்றாள் அண்ணி, அவனைப் பார்த்து. மிச்சத் துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 12

அண்ணி என்னோடு பேசுவதில்லை. அண்ணனோடும் பேசுவதில்லையாம்.