மூன்றாம் தாளின் ஒன்பது வட்டங்கள்

மியூனிக்
12.2.1996

அன்புள்ள அக்காவுக்கு,

தர்மேந்திரன் எழுதுவது. நலம். இங்கே பனி இன்னும் விடவில்லை. அம்மாவின் ஊறுகாய் கெடாமல் வந்து சேர்ந்தது.

அப்படி என்னதான் வேலை என்று கேட்டிருந்தீர்கள். நம் பால்வெளிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி விண்மீன் மண்டலம் இருக்கிறது. அதில் எக்ஸ்ரே வரும் இடங்களைச் செயற்கைக்கோள் பதிவு செய்திருக்கிறது. இருநூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, வெடித்த நட்சத்திரமா, இரட்டை நட்சத்திரமா, அல்லது அதற்கும் பின்னால் வெகுதொலைவில் இருக்கும் வேறொன்றா என்று வகை பிரிக்கிறேன். நான்கு தாள் நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு தாள், ஒரு நாள் பதிவு. கறுப்புப் புள்ளிகள் நட்சத்திரங்கள். எக்ஸ்ரே வந்த இடத்தில் வட்டம். மே மாதம் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். பேராசிரியர் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை இது.

அன்பை மறவாத தம்பி,
தர்மேந்திரன்


பத்து பெரண்டாம்
3.3.1996

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். போன ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் நியாலாசுக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். “அவன் வெயில பாத்து எத்தன நாளாச்சோ” என்று அதே பேச்சு.

உன் தாள்களை ஃபேக்டரிக்கு எடுத்துப் போனேன். நான் ஒன்பது வருஷமாக மைக்ரோஸ்கோப்பில் கம்ப்யூட்டர் சிப் பார்த்துக் குறை பிடிப்பவள், கண் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் தாளில் ஒன்பது வட்டம். அதில் ஆறில் பெரிய புள்ளி நடுவில் இல்லாமல் இடப்பக்கம் ஒரே அளவு தள்ளி இருக்கிறது. மற்றத் தாள்களில் அப்படி இல்லை. எங்கள் லைன் லீடர் சாந்தியிடம் காட்டினேன். “எல்லாம் ஒரே பக்கம் போனா மிஷின்தான் நகந்திருக்குலா, பீஸ் மேல தப்பில்ல” என்றாள். பார்த்துக்கொள்.

அக்கா,
தேவமலர்


மியூனிக்
16.3.1996

அக்காவுக்கு,

சிப் பார்ப்பது வேறு, இது வேறு. அவ்வளவு நெருக்கமான கூட்டத்தில் எந்த வட்டத்துக்குப் பக்கத்திலும் ஏதாவது ஒரு நட்சத்திரம் இருக்கத்தான் செய்யும். இதற்காக நான் ஆறு வருஷம் படித்திருக்கிறேன். தாள்களை ஃபேக்டரியில் எல்லோரிடமும் காட்ட வேண்டாம்.

தர்மேந்திரன்


மியூனிக்
9.4.1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. காரணம் எனக்குத் தெரியும்.

நீங்கள் சொன்னது சரி. கோபம் தணிந்த பிறகு அளந்து பார்த்தேன். அன்று செயற்கைக்கோள் பார்த்த திசையே கொஞ்சம் பிசகியிருக்கிறது. வட்டங்களை நகர்த்தியதும் ஆறு பெரிய புள்ளிகள் நடுவில் வந்து உட்கார்ந்தன. மீதி மூன்றில், முன்பு வட்டத்துக்கு வெளியே இருந்த மங்கலான புள்ளிகள் அகப்பட்டன. அந்த மூன்றும் அந்த மண்டலத்தையே சேர்ந்தவை அல்ல. நான் தப்பாக வகை பிரித்திருந்தேன்.

கூட்டத்தில் பேராசிரியர், “இதைக் கண்டுபிடித்தது யார்?” என்று கேட்டார். நான்தான் என்றேன். எல்லோரும் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். அது பொய் என்று உங்களுக்காவது எழுதிவிடுகிறேன்.

தம்பி


பத்து பெரண்டாம்
22.4.1996

தம்பிக்கு,

பதினேழு வயதில் ஃபார்ம் ஃபைவோடு படிப்பை நிறுத்தியது என் முடிவு. உன்னைப் படிக்க வைத்ததைச் சொல்லிக்காட்டியதில்லை, இனியும் மாட்டேன். ஆனால் உன் ஆறு வருஷத்தை என் முகத்தில் காட்டினாயே, அது வலித்தது. நான்கு வாரம் பேனாவைத் தொடவில்லை.

எனக்குத் தெரிந்ததையே எனக்கு எழுதி என்ன பயன்? தெரியாதவர் உன் பேராசிரியர். அவரிடம் சொல். என் பெயர் வேண்டாம். வேறொருவர் பார்த்துச் சொன்னார் என்று சொன்னால் போதும். அதுவரை எனக்கு எழுதாதே.

தேவமலர்


மியூனிக்
7.5.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று அதே கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் சொன்னேன். பேராசிரியர், “அன்றே சொல்லியிருக்க வேண்டும்” என்றார். அடுத்த பட்டியல் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அது நியாயம்தான்.

பிறகு அறைக்குக் கூப்பிட்டு, நன்றி சொல்லும் பக்கத்தில் போட உங்கள் முழுப் பெயர் கேட்டார். நீங்கள் வேண்டாம் என்றதைச் சொன்னேன். “அது அவர் பெருந்தன்மை, ஆனால் யார் கண்டது என்பதிலும் பட்டியல் சரியாக இருக்க வேண்டும்” என்றார். உங்கள் ஐ.சி. அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே எழுதிக் கொடுத்தேன். நடுவில் இருக்கும் ஏ/பி எதற்கு என்றார். மலாயில் மகள் என்று அர்த்தம், சுப்பனின் மகள் என்றேன்.

அப்படியே அச்சாகிறது அக்கா, அப்பா பெயரோடு.

உங்கள் தம்பி,
தர்மேந்திரன்