ஹீட்டர் வால்வில் ஒரு கம்பிக் கட்டு

மார்கழி 20, வெள்ளி இரவு.

செல்வத்தின் பழைய பிக்கப் இன்று என் பட்டறைக்கு வந்தது. மாமல்லபுரத்திலிருந்து ஊட்டிக்குக் கற்சிலை ஏற்றிப் போகிறவன் அவன்.

"அண்ணாத்த, மலைல கண்ணாடி பூரா பனி மூடிக்கிச்சு. ஹீட்டர் லேசா மூச்சு வுடுது, அவ்ளோதான். வளைவுல ரோடே தெரில" என்றான்.

இந்தக் கடற்கரையில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? ரேடியேட்டரில் தண்ணீர் சரியாகத்தான் இருந்தது. ஹீட்டருக்கு வெந்நீர் விடும் வால்வைப் பார்த்தேன். முக்கால்வாசி மூடி, கம்பியால் கட்டியிருந்தது. மூன்று சுற்று, இடப்பக்கம் ஒரு முறுக்கு. என் கைவேலை. ஒரு சித்திரையில், காலில் அனல் அடிக்கிறது என்று அவன் சொன்னபோது கட்டியது.

சத்தமில்லாமல் கம்பியை அறுத்து வால்வை முழுக்கத் திறந்துவிட்டேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருவரும் உள்ளே உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டோம். வேர்வை வழிய வழியச் செல்வம் கண்ணை மூடிச் சிரித்தான். எனக்கோ எதிரே கடல் மெல்ல மறைந்து, வெள்ளையாக மலைப்பனி எழுந்து வந்தது.

"இன்னா கோளாறு அண்ணாத்த?"

"அடைப்பு."

"நீ கை வச்சா போதும். இந்த தபா புள்ளைங்கள இட்டுகினு போறேன்."

கம்பி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கண்ணை மூடினால் பனி. அந்தக் கோடையில் வேறு யார் யார் வண்டிக்குக் கட்டினேன்?