கரண்ட் அடித்த சேலை

பெப்ரவரி, ஞாயிறு இரவு

இன்று என்னைப் பெண் பார்க்க நுவரெலியாவிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தார்கள். கட்டிக்கொள்ள அண்ணி தன் நைலோன் சேலையைக் கொடுத்தாள். மழையில்லாத குளிரில் அது உடம்போடு ஒட்டிப் பொரியும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

தேநீர் கொடுக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா கையில் என் விரல் பட்டது. அவர் சட்டென்று கையை உதறினார்.

"என்னங்க, புள்ளயத் தொட்டா கரண்ட் அடிக்குது? ஒடம்புல ஏதும் கோளாறா?"

அண்ணிதான் முதலில் சிரித்தாள்.

நான் உள்ளே போய், கரண்ட் இறங்க ஈரக்கையால் பாவாடையைத் தடவிவிட்டு, பருத்திச் சேலைக்கு மாறி வந்தேன்.

"காஞ்ச காத்துல நைலோன் அப்படித்தாங்க. ஒங்க மகன ஸ்வெட்டரக் கழட்டச் சொல்லுங்க."

அவன் என்ன நினைத்தானோ, கழற்றினான். படபடவென்று பொரிந்து, தலைமுடியெல்லாம் குத்திட்டு நின்றது.

"இவருக்கும் கோளாறுங்களா?" என்றேன்.

அந்தம்மா தேநீரைக் குடிக்காமலே எழுந்துவிட்டார்.

"வாயாலயே கெடுத்துக்கிட்ட," என்று சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கெடட்டும். அவள் சிரித்தபோது பக்கத்திலேயே நின்ற அண்ணன் அவளை ஒரு வார்த்தை அதட்டியிருந்தால், நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.