பாவாடை நனையாமல்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து காற்று. கொடியில் வேட்டி நிற்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம், எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் இல்லை. வலங்கைமானில் வாங்க: விதைநெல், போன் சார்ஜர், வசந்தாவின் முட்டிக்குத் தைலம்.

சிங்கப்பூரிலிருந்து மகள் கவியின் உத்தரவு. "தினம் கொஞ்சம் உங்க கதைய போன்ல பேசி அனுப்புங்கப்பா. உங்க பேரன் பெரியவனானா கேப்பான்." என்ன பெரிய கதை? பிறந்தேன், நட்டேன், அறுத்தேன். இருந்தாலும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் ஆள் இல்லையென்று பார்த்துக்கொண்டு பேசினேன். வசந்தா எட்டிப் பார்த்தாள். "தனியா நின்னு யார்கிட்டங்க வழியறீங்க?" மனைவி என்றால் இப்படித்தான்.

ஜூன் 17, செவ்வாய்

தைலம் மறந்துபோயிற்று. திட்டு.

இன்று அப்பாவைப் பற்றிப் பேசினேன். எனக்கு மூன்று வயது நிரம்புமுன் போய்விட்டார், ஒரு போட்டோகூடக் கிடையாது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஞாபகம். காய்ந்த வாய்க்கால். அப்பா தோளில் நான், அவர் முடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. நல்லெண்ணெய் வாசனை. தூரத்தில் சலசலப்பு. நுரையும் சருகுமாகப் புதுத்தண்ணீர் மெல்ல மெல்ல வருகிறது, புழுதி சுருண்டு சுருண்டு ஒதுங்குகிறது. "பாவாடை நனையாம தூக்கிப் புடிச்சுக்க, எறக்கி விடறேன்" என்கிறார். உள்ளங்காலில் ஜில்லென்று தண்ணீர். அவ்வளவுதான். தூக்கம் வராத நாட்களில் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்வேன்.

இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அனுப்பிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

கவி பேசினாள். "அழுதுட்டேன்பா. ஆனா ஒரு சந்தேகம். நீங்க எதுக்குப் பாவாடை கட்டியிருந்தீங்க?"

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஆசைக்குப் பையனுக்குப் பாவாடை கட்டிப் பார்ப்பதுண்டு. உண்டுதானே? வசந்தாவிடம் கேட்டேன். "வீட்டுக்குள்ள கட்டுவாங்க. வாய்க்காலுக்கா கூட்டிட்டுப் போவாங்க? உங்க அக்காவைக் கேளுங்க." இத்தனை வருஷம் மனசுக்குள் இடறாத சொல், வெளியே வந்ததும் இடறுகிறது.

அக்காவைக் கேட்கப் பயம். அது என்னுடையது இல்லையென்று ஆகிவிட்டால் அப்பா என்று எனக்கு எதுவுமே மிஞ்சாது.

ஜூன் 20, வெள்ளி

திருப்பனந்தாள் போனேன், அக்கா வீட்டுக்கு. பஸ்ஸில் ஜன்னலோரம். வழியெல்லாம் நாற்றங்கால் பச்சை. கண் சொக்கி, ஒரு நிமிஷம் அப்பா தோளில் இருந்தேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். போனில் இருந்ததைப் போட்டேன். பாவாடை வந்ததும் வாயில் கை வைத்தாள். "அட, அத மாத்தாம விட்டுட்டேன் பாரு."

"எத மாத்தல?"

"அது நான்டா தம்பி. நீ அப்ப கைக்குழந்தை, அம்மா இடுப்புல இருந்தே."

போனை நிறுத்தினேன். அவளே சொன்னாள். "பள்ளிக்கூடத்துல பசங்கல்லாம் எங்கப்பா அது செஞ்சாரு, இது செஞ்சாருங்கறாங்கன்னு வந்து அழுவே. எனக்கு அப்பாவப் பத்தி நாலஞ்சு இருந்துச்சு. உனக்கு ஒண்ணுமே இல்ல. அதான் இருக்கறதுல நல்லதா ஒண்ண உனக்குக் குடுத்தேன். படுக்கையில உன்னை அப்பா தோள்ல ஏத்தி வெச்சுதான் சொல்லுவேன். நீயும் தூங்கிடுவே."

கோபம்தான் முதலில் வந்தது. யார் கேட்டது? சாப்பிடாமல் கிளம்பினேன். விடவில்லை, வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. சாப்பிட்டேன்.

அப்பா போனது எப்போதோ. எனக்கு அப்பா இல்லாமல் போனது இன்றுதான்.

ஜூன் 21, சனி

விதைநெல் ஊறப்போட்டேன். ரிக்கார்டிங் இல்லை. கவி கேள்விக்குறி ஒன்று அனுப்பியிருந்தாள். பதில் போடவில்லை.

கனவில் வாய்க்கால். கரையில் நின்று பார்க்கிறேன். தோளில் யாரென்று தெரியவில்லை.

ஜூன் 23, திங்கள்

வாய்க்காலில் தண்ணீர். வரப்பெல்லாம் ஈரவாடை. சாயங்காலம் வாசலில் ஆட்டோ. அக்கா. "கோவிச்சுக்கிட்டுப் போனவன் போன் பண்ணுவான்னு பாத்தேன். பண்ணல." வசந்தா சிரித்துக்கொண்டே பையை வாங்கிப் போனாள். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. எனக்கென்று இருந்ததில் நல்லதை எடுத்து நான் யாருக்குக் கொடுத்தேன்?

வாய்க்கால் கரைக்கு நடந்தோம். போனை அவள் பக்கம் பிடித்தேன். கவிக்கு உள்ளபடியே போகட்டும் என்றேன். "உன்னை வெச்சே சொல்லுக்கா. அது உன்னோடது."

தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அப்பா என்னைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டாரு..." நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி நிறுத்தினாள்.

"என்னக்கா?"

"வரலடா. கண்ண மூடுனா நீதான் ஒக்காந்திருக்கே. உன்ன வெச்சே சொல்லிச் சொல்லி... நான் எங்க இருந்தேன்னே தெரியல." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு, "நீ சொல்லுடா தம்பி. நான் கேக்கறேன்."

போனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். "அக்கா, நீ அப்பா தோள்ல ஒக்காந்திருக்கே. அவரு முடியக் கெட்டியாப் புடிச்சிருக்கே..."